மீன் பார்க்காத நிறம்

ஒஸ்லோ விமான நிலையத்தில் என் பயணப்பெட்டிக்குள் கைவிட்ட சுங்க அதிகாரி, அதே வேகத்தில் கையை வெளியே இழுத்துக்கொண்டார். சட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் பேழை இருந்தது. அதனுள் இருபத்தாறு மரப் பொம்மைகள்; ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்; ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூன்று முனைகொண்ட தூண்டில் முட்கள். கனடாவின் ஏரிகளில் மஸ்கி என்றொரு பெரிய மீன் உண்டு. அதை நீர்மட்டத்துக்கு வரவழைப்பதற்காக மேலாக இழுக்கப்படும் போலி இரைகள் அவை.

“மீன் பிடிப்பவரா நீங்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை. பௌதிகம் படிப்பித்தவன். இவை என் மனைவியுடையவை.”

“அவர் பின்னால் வருகிறாரா?”

“இல்லை,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பொம்மைகளைப் பார்த்தார். “மீனுக்கு இவ்வளவு அழகு தேவையா?” என்று சொல்லிக்கொண்டே மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

புவனேஸ்வரி கடந்த செப்ரெம்பரில் காலமானார். அந்தப் பேழையை அவருடைய தம்பி குகனிடம் ஒப்படைப்பது இப்பயணத்தின் வெளிப்படையான நோக்கம். குகன் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறார். கனடாவில் அக்கா மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு இங்கே தானும் பிடிக்கத் தொடங்கியவர். மஸ்கி நோர்வேயில் இல்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவான ‘யெட்ட’ இங்குள்ள ஏரிகளில் நிறைய உண்டு. அக்காவும் தம்பியும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கதைத்ததெல்லாம் பெரும்பாலும் எந்த வானத்துக்கு எந்த நிறம் என்பதைப் பற்றித்தான்.

மற்ற நோக்கம் ஒரேயொரு செய்தி. ஜூனில் நோய் தெரிந்தபோது, தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்றவர் புவனேஸ்வரியே. வெளிநாட்டில் இருக்கும் உறவிடம் நோயை மறைப்பது எங்கள் ஆட்களிடையே அன்பின் ஒரு வகையாகவே கருதப்படுகிறது. தூரத்தில் இருப்பவன் பதறுவான், வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான் என்று அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் செப்ரெம்பரில் ஒரு காலை, “இனி அவனுக்குச் சொல்லுங்கோ, வரட்டும்” என்றார். நான் சரி என்றேன். அதன்பின் அவர் பதினொரு நாள்கள் உயிரோடு இருந்தார். அந்தப் பதினொரு நாளும் நான் குகனை அழைக்கவில்லை. அவர் இறந்த மூன்றாம் நாள் சவப்பெட்டியருகே வந்து நின்ற குகன், “இவ்வளவு கெதியாவோ அத்தான்?” என்று கேட்டார். “ஓம், கெதியா முடிஞ்சுது,” என்றேன்.

அதைத் திருத்துவதற்காகவே நான் ஒஸ்லோவுக்குப் போனேன்.

குகனுக்கு அன்று பேருந்து வேலை. அவருடைய மனைவி வசந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே தனியாகவே நகருக்கு வந்து சுரங்க ரயிலில் ஏறினேன். ரொறன்ரோ சுரங்க ரயிலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இங்கும் பார்ப்பதில்லை, ஆனால் பார்க்காமல் இருப்பதை ஒரு மரியாதையாகச் செய்கிறார்கள் என்று தோன்றியது. சுங்கத்தில் பெட்டியை அவசரமாக மூடியதில் பக்கப்பையின் வாய் சரியாகப் பூட்டப்படவில்லை. பேழைக்குள் இடமில்லாமல் அங்கே நான் செருகியிருந்த ஒரு பொம்மை வெளியே நழுவி, பக்கத்து இருக்கை மூதாட்டியின் பின்னல் நூற்கண்டில் தைத்துக்கொண்டது. நான் பதறி இழுக்க, நூல் இன்னும் இறுகியது. அவர் என் கையைத் தட்டி விலக்கிவிட்டு, கைப்பையிலிருந்து சிறிய கத்தரிக்கோலை எடுத்து, சுற்றியிருந்த நூலை நாலு வெட்டில் நறுக்கினார்.

பொம்மையைத் தூக்கிப் பார்த்து ஏதோ சொன்னார். எதிரே இருந்த இளைஞன் ஆங்கிலத்தில் பெயர்த்தான்: “யெட்டவுக்கு இது நல்லது என்கிறார். ஆனால் சாப்பிட வேண்டாமாம். உள்ளே முழுவதும் முள்ளாம்.”

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குகன் வீட்டுக்கு இறங்கவேண்டிய அம்மருட் நிறுத்தம் கடந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து திரும்பினேன். வரிசையாக நின்ற உயரமான குடியிருப்புகளைக் கண்டதும் எங்கள் ஸ்காபரோவின் ஞாபகம் வந்தது. அங்கே அத்தகைய கட்டடங்களின் பின்னால் நெடுஞ்சாலை இரையும். இங்கே பின்னால் காடு நின்றது, ஓசையே இல்லை.

வசந்தி இரவுச் சாப்பாட்டுக்குக் குத்தரிசிச் சோறும், சால்மன் மீனில் புளி விட்ட குழம்பும் வைத்திருந்தார். “இஞ்சை சூடை மீனும் இல்லை, ஒட்டியும் இல்லை அண்ணை. சால்மனைப் பிடிச்சு யாழ்ப்பாணத்தானாக்கி வைச்சிருக்கிறன்,” என்றார். உண்மையாகவே மிக நன்றாக இருந்தது. குகன் வந்தார், என்னைக் கட்டிக்கொண்டார், சாப்பிட்டார், பேருந்தில் ஏறிய ஒரு நாயைப் பற்றிக் கதைத்தார். அக்காவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் கழிந்தது.

மறுநாள் வெள்ளி. வேலை முடிந்து வந்த குகன் வரவேற்பறைக் கம்பளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

“அத்தான், பெட்டியைத் திறந்து ஒவ்வொண்டா ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரை தூக்கிப் பிடியுங்கோ. மீன் பாக்கிற மாதிரிக் கீழையிருந்து பாத்துத்தான் நிறம் சொல்லலாம்.”

“அப்பா, நீங்கள் மீன் இல்லை,” என்றாள் பதினாறு வயது மகள் மீரா, சோபாவில் இருந்து தலையைத் தூக்காமல்.

“சும்மா இரும் பிள்ளை. உம்மடை மாமிதான் இப்பிடிப் பாக்கோணும் எண்டு எனக்குச் சொல்லித் தந்தவ.”

நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் ஒரு வட்டச் சாளரமாகவே தெரியும். அந்த ஒளிக்கு எதிரே வரும் எந்தப் பொம்மையும் வெறும் நிழலுருவம்தான். ஆகவே நிறத்தைத் தெரிவுசெய்வது பயனற்ற வேலை. இது என் நெடுநாள் வாதம். புவனேஸ்வரி அதை முழுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப ஏன் புரொபசர், வெள்ளையை விட்டுட்டுக் கறுப்பைக் கடிக்குது?” என்பார்.

குகனின் விதிகள் அக்காவின் விதிகளே. வானம் தெளிந்து நீர் அசையாமல் இருந்தால் எலும்பு வெள்ளை வயிறு. மேகம் மூடினாலோ பொழுது சாய்ந்தாலோ கறுப்பு. மங்கிய வானத்துக்கு எதிரே அதுவே திடமாகத் தெரியும். நீர் கலங்கியிருந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. “வயித்து நிறம்தான் மீனுக்கு. முதுகை எந்த மீனும் காணாது. முதுகிலை பூச்சு, கண், செதில் எல்லாம் கீறி விக்கிறது கடைக்காரன் எங்களைப் பிடிக்க,” என்றார் தரையிலிருந்து.

நான் ஒவ்வொன்றாக உயர்த்திப் பிடித்தேன். அவர் வயிறுகளைப் பார்த்து, “இது காலமை, இது மழைக்கு, இது வேண்டாம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தி தேநீரோடு வந்து, கணவரைக் கடந்து கால் வைத்து, “செத்த மீன் மாதிரிக் கிடக்கிறார்,” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆறு பொம்மைகளின் முதுகில் ஒரு விரல் அகலத்துக்கு ஆரஞ்சுப் பூச்சு இருந்தது. அவற்றை உயர்த்தும்போது முதுகை என் உள்ளங்கையால் மூடிப் பிடித்தேன். பேழைக்குள் திரும்ப வைக்கும்போது வயிறு மேலே தெரியும்படி வைத்தேன். வேண்டுமென்றே செய்தேன்.

சனிக்கிழமை நகரத்துக்குள் இருக்கும் குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போனோம். ஸ்காபரோவில் எங்கள் தமிழ்க் கடைகள் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி ஒரு கோட்டைபோல் நிற்கும். இங்கே பாகிஸ்தானியர், சோமாலியர் கடைகளிடையே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. இங்கே பாதி மாம்பழத்தின் விலையில் கனடாவில் நாலு வாங்கலாம் என்றேன். “அங்கை வாங்கி இஞ்சை அனுப்புங்கோ,” என்றார் குகன்.

தமிழ்க் கடையில் சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் ஒருவர், “அண்ணா, கறிவேப்பிலை ஃப்ரெஷ்ஷா இருக்கா?” என்று கேட்டார். “வெள்ளி வந்தது தம்பி, வெள்ளியே முடிஞ்சுது. நீங்கள் சாம்பாருக்கு மரத்தையே போடுறியள்,” என்றார் கடைக்காரர். பொறியாளர், “நீங்க மட்டும் என்ன, தேங்காயை விட்டு வைக்கிறீங்களா?” என்று சிரித்தார். குகன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும் அட்டை இரண்டு வாங்கினார். பிறகு நகப்பூச்சு வரிசையின் முன் நெடுநேரம் நின்று, கண்ணைக் குத்தும் மஞ்சள் ஒன்றைத் தெரிவுசெய்தார். பொம்மை வயிற்றுக்கு அதைவிட மலிவான, உரியாத பூச்சு கிடையாதாம்.

காசு வாங்கிய பெண் போத்தலையும் அவரையும் பார்த்து, “என்ன அண்ணை, நகம் வளர்க்கிறியளோ?” என்றார்.

“ஓம். பஸ் ஓட்டேக்கை வடிவா இருக்கும்.”

“அக்காவுக்கெண்டால் இந்தச் சிவப்பை எடுங்கோ.”

குகனுடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தப் பெண் சொன்னது வசந்தியைத்தான். “இல்லை, மஞ்சள் போதும்,” என்று போத்தலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீதியில் இறங்கியபின் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பேருந்து வந்துவிட்டது.

ஞாயிறு முற்பகல் குகன் வழக்கம்போல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார். போர்நிறுத்தம் வந்ததிலிருந்து இணைப்பு உடனே கிடைத்துவிடுகிறது. என் மாமியார் அங்கே உறவுப்பெண் ஒருத்தியுடன் வசிக்கிறார். மகள் இறந்ததை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. மரணச்சடங்கின்போதே, “அம்மாவுக்கு நான் பாத்துச் சொல்லுறன்,” என்று குகன் பொறுப்பெடுத்திருந்தார். இந்தப் பத்து மாதங்களில் அது நடந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன்.

“சாப்பிட்டீங்களோ அம்மா? … அக்காவோ? தொண்டை இன்னும் சரிவரேல்லை. கதைக்க வேண்டாம் எண்டு டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். … ஓம், சுகமா இருக்கிறா. … ஓம் ஓம், சொல்லுறன்.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. மீரா எழுந்து சமையலறைக்குப் போனாள்; நானும் பின்னால் போனேன்.

“ஹெல்ட் சூக்த், மாமா. சுத்தப் பைத்தியம்,” என்றாள், நோர்வேஜியமும் தமிழும் கலந்து, தாழ்ந்த குரலில். “தொண்டை ஒரு வருஷமா நோகுமோ? அப்பம்மா லூசு இல்லை. நாளைக்கு அப்பாவுக்கு ஒண்டெண்டால் எனக்கும் தொண்டை நோ எண்டுதான் சொல்லுவீனம், இக்க சான்ட், அப்பிடித்தானே?”

அவள் பாணில் மண்ணிறப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்து, எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். இனிப்பும் உப்பும் கலந்த அந்தக் கட்டியை எப்படி விரும்புவது என்று எனக்கு அன்றுவரை விளங்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

திங்களன்று மழை. குகன் வீட்டிலேயே இருந்தார்; நானும் இருந்தேன். அவர் மேசையில் தாள் விரித்து இரண்டு வயிறுகளுக்கு மஞ்சள் பூசினார். அருகே இருந்து, மஞ்சளின் அலைநீளம் கலங்கல் நீரில் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்று விளக்கினேன். அரைமணி நேரம் விளக்கினேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வு. விடியவே காரில் கிழக்கே ஒய்யரன் ஏரிக்குப் போனோம். நண்பரின் துடுப்புப் படகு ஒன்று அங்கே கட்டப்பட்டிருந்தது. வசந்தி நோர்வேஜியர்களைப் போலவே பாண் துண்டுகளைத் தாளில் மடித்துத் தந்திருந்தார். ஆனால் உள்ளே உறைப்பான கட்டைச் சம்பல். முதல் கடியிலேயே எனக்குக் கண்ணீர் வந்தது. “சம்பலுக்கு அழுகிற முதல் கனடாக்காரன் நீங்கள்தான்,” என்றார் குகன்.

வானம் ஒரே சாம்பல் மூட்டம். நீர் களிமண் கரைந்து கலங்கியிருந்தது. நாணற்கரையிலிருந்து ஓர் எறிதூரத்தில் படகை நிறுத்தி, தூண்டில் நூலான தங்கூசியின் நுனியில் உலோகக் கொளுக்கியைப் பூட்டினார்.

“தண்ணியைப் பாத்தால் மஞ்சள். வானத்தைப் பாத்தால் கறுப்பு. அக்கா எண்டால் இண்டைக்கு என்ன போட்டிருப்பா? நீங்கள் தெரிஞ்செடுங்கோ அத்தான். பத்து வருஷம் படகிலை இருந்து புத்தகம் வாசிச்சனீங்கள். ஒரு நாளாவது எடுத்துக் குடுங்கோ.”

பேழையைத் திறந்தேன். அவர் நேற்றுப் பூசிய மஞ்சள் இரண்டும் மேலேயே இருந்தன. அவற்றில் ஒன்றைக் கொடுத்திருந்தால் அந்தக் காலையும் நல்லபடியாகக் கழிந்திருக்கும். அடியில் கிடந்த கறுப்பு ஒன்றை எடுத்தேன். அதன் முதுகில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்கு என்னிடம் துணிவில்லை; அதைக் கையில் கொடுப்பதற்கு மட்டும் இருந்தது.

குகன் வானத்தைப் பார்த்தபடியே பூட்டி எறிந்தார். பொம்மை நாணலருகே விழுந்து, மெல்லச் சலசலத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. சாம்பல் நீரில் அந்த ஆரஞ்சுக் கோடு தெளிவாகத் தெரிந்தது.

“இதென்ன முதுகிலை?” என்றார். “அக்கா முதுகுக்குப் பூசிறவ இல்லையே.” நூலைச் சுற்றுவதை நிறுத்தி, பேழையை முழங்காலில் இழுத்து வைத்து, பொம்மைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இன்னும் ஐந்து. கோடுகள் நேராக இல்லை. பூசிய கை வழுக்கியிருந்தது. “இது மீனுக்கில்லை. ஆர் பாக்கிறதுக்கு?”

“அவவுக்கு.”

“விளங்கேல்லை.”

“எறிஞ்ச பொம்மை எங்கை வருதெண்டு அவவுக்குத் தெரியேல்லை. தலைக்குள்ளை இருந்த கட்டி கண் நரம்பை அமத்தத் தொடங்கீட்டுது. அதாலைதான் பூசினவ.”

“எப்ப?”

“ஜூன்.”

குகன் துடுப்பில் கைவைத்தார், எடுத்தார். “கெதியா முடிஞ்சுது எண்டெல்லோ சொன்னீங்கள். அந்தக் கோடை முழுக்க ஞாயிறு ஞாயிறா என்னோடை மஞ்சளோ வெள்ளையோ எண்டு சண்டை பிடிச்சவ.”

“ஓம். சொல்ல வேண்டாம் எண்டு அவதான் சொன்னவ. அது ஜூனிலை. செப்ரெம்பரிலை, இனிச் சொல்லுங்கோ, வரட்டும் எண்டவ. பதினொரு நாள் இருந்தது குகன். நான் எடுக்கேல்லை.”

அந்த நேரத்தில் படகிலிருந்து பத்தடி தூரத்தில் நீர் வெடித்தது. கதவை அறைந்தாற்போன்ற ஓசை. தூண்டில் தடி படகின் விளிம்பில் சறுக்கி ஓடியது. குகன் அதைக் காலால் மிதித்துப் பிடித்தார். ஆனால் கையில் எடுக்கவில்லை, இழுக்கவுமில்லை. மீன் ஒருமுறை புரண்டு, விட்டுவிட்டுப் போனது. சிறிது நேரத்தில் பொம்மை மறுபடி மேலே வந்து ஆடிக்கொண்டிருந்தது.

“நான் அடுத்த பிளேனிலை வந்திருப்பன்.”

“தெரியும். நீர் வந்து நிண்டால், முடியப்போகுது எண்டு நானும் ஒத்துக்கொண்டதாப் போயிடும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எடுப்பம் எண்டு நினைச்சன்.”

“என்னைக் கேட்டவவோ? அந்தப் பதினொரு நாளிலை?”

“ரெண்டு தரம். வாறான் எண்டு சொன்னன்.”

அவர் தங்கூசியைச் சுற்றி எடுத்தார். பொம்மையைத் துணியால் துடைத்து, முட்கள் சிக்காதபடி பேழைக்குள் வைத்தார். பிறகு கரைக்கு வலித்தார். படகைக் கட்டிவிட்டுக் காரில் ஏறினோம். வழி நெடுக வானொலியில் காலநிலை அறிவித்தார்கள். ஒரு இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு சற்றுநேரம் நின்றார். நான் காருக்குள்ளேயே இருந்தேன். அவரிடம் போகும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே போய், தொலைபேசியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

“அம்மாவுக்கு எடுக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ.”

“நானோ?”

“நீங்கள்தான். என்னாலை ஏலாமல் பத்து மாசம் போட்டுது. இனி ஏலும் எண்டும் நான் நினைக்கேல்லை.” ரிசீவரை என்னிடம் நீட்டினார். அது ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது.

“ஆர்?” என்றது மாமியின் குரல். நான் என் பெயரைச் சொன்னேன்.

“தம்பியோ! குகன் வீட்டை வந்தனீங்கள் எண்டு சொன்னவன். இண்டைக்குச் செவ்வாயெல்லோ, ஏன் எடுத்தனீங்கள்?”

“மாமி,” என்றேன். அதன் பின் ஓரிரு வாக்கியங்களில் எல்லாவற்றையும் சொன்னேன். மாதத்தையும் சொன்னேன். இவ்வளவு நாளும் மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்றேன். அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு சேவல் கூவியது. பாத்திரம் ஒன்றை யாரோ கழுவிக்கொண்டிருந்த ஓசை நின்றது.

பிறகு மாமி, “குகன் பக்கத்திலை நிக்கிறானோ?” என்று கேட்டார்.

“ஓம் மாமி.”

“அவனிட்டைக் குடுங்கோ.”

குகன் வாங்கிக் காதில் வைத்தார். “ஓம் அம்மா … ஓம் … நான்தான் … இல்லை அம்மா, ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவம் எண்டுதான் எடுக்கிறனான் …” நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒருபுறம் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் இருந்தேன்.

மாமி அழவில்லை. கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆர் கொள்ளி வைத்தது, எந்தச் சீலை உடுத்தினது, நோ இருந்ததோ. தெரிந்தவற்றுக்குக் குகன் பதில் சொன்னார். தெரியாதவற்றை ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். பத்து மாதங்களில் அவர் என்னிடம் கேட்காதவை எல்லாம் அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. நான் சொல்லச் சொல்ல அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டு, பிறகு தாய்க்குச் சொன்னார்.

“கடைசியா என்ன சாப்பிட்டவ எண்டு அம்மா கேக்கிறா.”

“ரெண்டு வாய் இடியப்பம். சொதியோடை.”

“ஆர் அவிச்சது?”

“நான்தான்.”

“அத்தான்தான் அவிச்சவராம் அம்மா,” என்றார் குகன், தொலைபேசியில். “ரெண்டு வாய் சாப்பிட்டவவாம். சொதியோடை.”